வானத்தில் விழும் கீறல்கள்

நேற்று இருட்டியதும் ஓரியன் நெபுலாவை (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) படம் எடுத்தேன். இரண்டிரண்டு நிமிடமாக 30 படம். திறந்து பார்த்தால் ஏழெட்டில் குறுக்கே நேர்க்கோடு, கண்ணாடியில் ஆணியால் கீறிய மாதிரி. செயற்கைக்கோள்கள்தான், இணையச் சேவைக்காகக் கூட்டம் கூட்டமாக ஏவப்படுகிறவை.

என் படம் போனால் பரவாயில்லை. எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தால் கோடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆராய்ச்சிக்கு அது போதாது. கோடு விழுந்த இடத்திலிருந்த மங்கலான ஒளி போனது போனதுதான். சிலியில் இருக்கும் ரூபின் வானியல் ஆய்வகத்தின் தொலைநோக்கிக் கண்ணாடி 8.4 மீட்டர், கேமரா 3200 மெகாபிக்சல். அகலமான வானத்தை ஒரே பார்வையில் பிடிப்பதால் கோடுகளும் அதிகம் சிக்கும்.

அந்திநேரம்தான் ரொம்ப மோசம். நமக்கு இருட்டிய பிறகும் 550 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அதில் இவை பளபளக்கும். சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றும் சிறுகோள்களைத் தேடக் கிடைப்பதும் அதே கொஞ்ச நேரம்தான்! (ரேடியோ தொலைநோக்கிகளின் பாடு தனிக்கதை. செயற்கைக்கோள்களின் மின்னணுப் பாகங்களிலிருந்து கசியும் அலைகளை ஐரோப்பாவின் லோஃபார் என்ற ரேடியோ தொலைநோக்கி பிடித்த விவரம் 2023இல் வெளியானது.)

இணையம் எல்லோருக்கும் வேண்டும், சரி. ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்காவது, அதாவது 7ஆம் ஒளித்தரத்துக்கும் (எண் கூடக் கூட ஒளி குறைவு) மங்கலாக, இவற்றை வையுங்கள் என்று வானியலாளர்கள் கேட்கிறார்கள். அதைக் கட்டாய விதியாகவே ஆக்க வேண்டும்.