முந்நூறு ரூபாய் ஆட்டோவும் காலிங்கராயன் வாய்க்காலும்

ஈரோடு பக்கத்துக் காலிங்கராயன் வாய்க்காலைப் பார்க்க எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆட்டோ கதையைச் சொல்லாமல் மனசு ஆறாது.

ஈரோடு பஸ் ஸ்டாண்டில் நானும் அக்காவும் பவானி டவுன் பஸ் ஏறினோம். அக்காவுக்கு இலவசம், எனக்கு மட்டும் டிக்கெட். பவானியில் இறங்கி காலிங்கராயன் அணை எங்கே என்று கேட்டதும் ஒரு ஆட்டோக்காரர், "தூரமுங்க, முந்நூறு ஆகும்" என்றார். ஏறினோம். வண்டி வந்த வழியே திரும்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பத்து நிமிடம்கூட ஆகாமல் நின்றது. டீக்கடை அம்மாவிடம் புலம்பினால், "ஏனுங் தம்பி, நீங்க வந்த பஸ்ஸு காலிங்கராயன்பாளையத்துலயே நிக்குமுங்களே!" என்கிறார். ஊர்ப் பெயரிலேயே காலிங்கராயன் இருக்கிறார். எனக்குத்தான் உறைக்கவில்லை. நீங்களாவது அங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

அணை என்றதும் பவானிசாகர் மாதிரி ஒன்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் குறுக்கே போட்ட தாழ்வான கல் அணைக்கட்டு, அவ்வளவுதான். பக்கத்திலேயே, ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்குள் திறந்துவிடும் தலைமதகு. ஷட்டரைத் தூக்கும் திருகுக் கம்பி முழுக்கக் கறுப்புக் கிரீஸ், அதில் வேப்பஞ்சருகு ஒட்டிக்கிடந்தது. ஷட்டருக்குக் கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்கிறது. கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. பக்கிங்காம் கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்க லாக் கதவுகள் இருந்தன. இங்கே படகு வேலையே இல்லை. மதகுக்கு வேலை வயலுக்குத் தண்ணீர் விடுவது மட்டும்தான்.

கொங்குப் பாண்டியரிடம் அதிகாரியாக இருந்த காலிங்கராயன் இதை 1271-இல் தொடங்கி, முடிக்க ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆயின என்கிறார்கள். ஏன் வெட்டினார் என்பதற்கு ஒரு சோற்றுக் கதை உண்டு. சம்பந்தி வீட்டு விருந்தில் சமையல்காரர் காலிங்கராயன் வீட்டாருக்குப் பழைய அரிசி போடுவதா, புது அரிசி போடுவதா என்று கேட்டாராம். வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு எந்த அரிசியானால் என்ன என்று பதில் வந்ததாம். அந்த ரோஷம்தான் வாய்க்கால் ஆயிற்றாம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. சோற்றில் அவமானப்பட்டால் கொங்குக்காரர் லேசில் விடமாட்டார்.

எந்த வழியாக வெட்டுவது என்று ஒரு பாம்பு நெளிந்து காட்டியதாக இன்னொரு கதை. வரைபடத்தில் பார்த்தால் வாய்க்கால் அப்படித்தான் நெளிகிறது. பவானியிலிருந்து கொடுமுடி நேராக அளந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். வாய்க்காலோ சுமார் 90 கிலோமீட்டர் ஓடிக் கடைசியில் கொடுமுடிப் பக்கம் நொய்யல் ஆற்றில் சேர்கிறது. நேராக வெட்டியிருந்தால் தண்ணீர் சீக்கிரமே பள்ளத்துக்கு இறங்கி, மேட்டு வயலெல்லாம் காய்ந்திருக்கும். மட்டம் விடாமல் மேட்டை ஒட்டியே வளைத்துக் கொண்டுபோனதால்தான் சுமார் 15,700 ஏக்கர் பாசன நிலத்துக்குத் தண்ணீர் பாய்கிறது. பாம்போ ஆளோ, மட்டம் பார்க்கத் தெரிந்த பாம்பு. அதோடு, தானும் தன் வாரிசுகளும் இந்தத் தண்ணீரை அனுபவிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்கே காலிங்கராயன் குடிபோய்விட்டார் என்கிறார்கள்.

கரையோரம் கொஞ்ச தூரம் நடந்தோம். மஞ்சள், வாழை, கரும்பு. நெல்லுக்காக ரோஷப்பட்டு வெட்டிய வாய்க்காலில் இப்போது மஞ்சள்தான் ராஜா.

ஈரோடு திரும்பிக் காரைவாய்க்கால் போனோம். பெரும்பள்ளம் ஓடை கீழே போக, வாய்க்கால் அதற்கு மேலே கடந்து போகிறது. பார்க்க வேண்டிய இடம், ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு. இந்தப் பக்கம் சாயக் கழிவும் தோல் கழிவும் சாக்கடையும் வருஷக்கணக்காகக் கலந்து வாய்க்காலை நாசம் செய்தன. கழிவு கலக்காமல் இருக்கப் பக்கத்திலேயே 'பேபி கால்வாய்' என்று தனியாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். அப்படியும் பிளாஸ்டிக் கவர்கள் மிதக்கின்றன. எழுநூறு வருஷமாக ஓடும் தண்ணீரில் மாலை போட்ட சாமி படங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களை என்ன சொல்வது!

பசி. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். பள்ளிபாளையம் சிக்கனை அந்த ஊரிலேயே சாப்பிட்டால்தான் விஷயம் புரியும். மசாலாப் பொடி எதுவும் நாக்கில் தட்டவில்லை. கிள்ளிப்போட்ட வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், அவ்வளவுதான். தேங்காய்த் துண்டு எண்ணெயில் ஓரம் சிவந்து மொறுமொறுவென்றிருந்தது. அக்கா கண்ணில் தண்ணீர் வழிய வழிய இரண்டாவது பிளேட் சொன்னாள். சோறு என்ன அரிசியென்று கேட்கத் தோன்றவேயில்லை.

சரி, செலவு: எங்கள் இருவர் சாப்பாடும் போகவர பஸ்ஸும் சேர்த்து ஐந்நூற்றைம்பது. ஆட்டோ மட்டும் முந்நூறு.