மூன்று வைக்கோல் கட்டு, இரண்டு சாக்குச் சாணம்

2024 ஜூலை 6, சனி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்வாசல் முழுக்க சிமெண்டு. தொட்டி வைத்துப் பார்த்தாயிற்று, மத்தியான வெயிலில் செடி தலை தொங்கிவிடுகிறது. சரி, இந்தத் தடவை வைக்கோல் கட்டிலேயே நட்டுவிடலாம் என்று பெனாகா பக்கம் வயல் வைத்திருக்கும் ஒரு பாக்சிக்கிடம் (மலாய்க்காரப் பெரியவர்) மூன்று கட்டு வாங்கி வந்தேன். அறுத்த தாள் முனை மேலே பார்க்க வேண்டும், கயிறு பக்கவாட்டில் ஓட வேண்டும். கயிற்றை அறுத்தால் கதை முடிந்தது. நட்டபிறகு நகர்த்த முடியாது, நனைந்தால் ஆள் கனம் வந்துவிடும்.

நடுவதற்கு முன் உரமும் தண்ணீரும் விட்டுக் கட்டை உள்ளே மக்கவைக்க வேண்டும். மக்கும்போது சூடேறும், அது தணிந்ததும் நடலாம். யூரியா போட்டால் வேலை சுலபம். அம்மாதான், "சாணி கெடைக்கிற ஊர்ல யாராச்சும் மூட்டை உரம் வாங்குவாங்களா?" என்று ஒரே பிடியாக நின்றார்.

ஜூலை 7

புக்கிட் மெர்தாஜாமில் மாடு வளர்க்கும் அண்ணனிடம் இரண்டு சாக்குப் பச்சைச் சாணம். காரின் பின்பெட்டியில் கொண்டுவந்தது என் புத்தி. அம்மா அதைக் கரைத்து, வாசல் மெழுகுவது போல மூன்று கட்டின் மேலும் கையாலேயே பூசிவிட்டார். தண்ணீர் காலையும் மாலையும்.

ஜூலை 12

ஐந்து நாளாகியும் சூடே இல்லை. கட்டுக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தேன், குழாய்த் தண்ணீர் போலச் சில்லென்றிருக்கிறது.

யோசித்தால் காரணம் புரிகிறது. வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கார்பன் சுமார் 60, 70 பங்கு. நன்றாக மக்க 25, 30 பங்குதான் இருக்க வேண்டும். அந்த நைட்ரஜன் குறையை வெளியிலிருந்து நாம்தான் நிரப்ப வேண்டும். பச்சைச் சாணத்தில் பெரும்பகுதி தண்ணீர், நைட்ரஜன் அரை விழுக்காட்டுக்குப் பக்கம். அதுவும் மேலேயே காய்ந்து வரட்டியாகி ஒட்டிக்கொண்டது, ஊற்றுகிற தண்ணீர்கூட அதன் மேல் வழிந்து ஓடுகிறது. நெல் வைக்கோல் வேறு, மேலே வழவழப்பு, லேசில் நனையாது.

ஜூலை 13

நர்சரியில் பதப்படுத்திய கோழி எரு உருண்டை ஒரு மூட்டை. இதில் நைட்ரஜன் சாணத்தைவிடப் பல மடங்கு. இரண்டு கட்டில் வரட்டியைப் பெயர்த்து எடுத்தேன், மூன்றாவது அம்மாவின் கட்டு, தொடக் கூடாதாம். உருண்டையை ராத்திரியே வாளியில் ஊறவைத்து, கூழானதும் கம்பியால் கட்டில் ஆழமாகத் துளை போட்டு ஊற்றினேன்.

ஜூலை 16

54 டிகிரி! இறைச்சி வேகவைக்கும்போது குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டரைச் செருகினேன் (வீட்டில் சொல்லவில்லை). விடியற்காலையில் கட்டிலிருந்து ஆவி வருகிறது. அம்மாவின் கட்டு 33.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று, "தம்பி, எலி ஏதும் செத்துக் கெடக்கா?" என்றார். ஈயும் வந்துவிட்டது. மேலே காய்ந்த வைக்கோலை ஒரு கை உயரத்துக்குப் பரப்பியதும் இரண்டும் பாதிக்குக் குறைந்தன.

ஜூலை 19

பேய்மழை. கட்டுக்கு அடியிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் ஓடிச் சாக்கடையில் இறங்குகிறது, என் காசு போகிறது. பழைய பேனர் துணி ஒன்றைப் போட்டு மூடினேன்.

ஜூலை 25

கட்டு முழுக்கக் குடைக்காளான். மத்தியானத்துக்குள் கறுப்பு மையாக உருகி வடிகிறது. பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே மக்குகிறது என்று அர்த்தம், தின்னத்தான் கூடாது. சூடு 38.

ஜூலை 28

34க்கு இறங்கியது. ஒரு கட்டில் கத்தரி, ஒன்றில் மிளகாய், கட்டுக்கு இரண்டு நாற்று. பெயர்த்து வைத்த வரட்டியை நொறுக்கி மண்ணோடு கலந்து குழிக்குள் போட்டேன், அம்மாவுக்கும் திருப்தி. கீரை போடவில்லை. பச்சைச் சாணம் பட்ட இடத்தில், தின்கிற பகுதி மண்ணைத் தொட்டு வளர்கிற காய்கறியை 120 நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும் என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதியிலேயே இருக்கிறது. பச்சையாகக் கடிக்கிற சாலட் இலைக்கு அந்தப் பொறுமை யாருக்கு?

ஆகஸ்ட் 11

கத்தரியின் அடி இலை மஞ்சளாகிறது. வைக்கோல் இன்னும் மக்கிக்கொண்டே நைட்ரஜனைத் தின்கிறது போல. வாரம் ஒரு தடவை அரை வாளி கோழி எருத் தண்ணீர் என்று முடிவு, வேரோரம் மட்டும்.

அம்மாவின் கட்டை இன்று தொட்டுப் பார்த்தேன். உள்ளே லேசாகக் கதகதப்பு, 36. முப்பத்தைந்து நாள். "நான் சொல்லல?" என்கிறார். அடுத்த ஞாயிறு அதில் வெண்டை விதை ஊன்றப் போகிறாராம்.