யாருங்க இந்த சாவித்திரி?

கூகுளுக்குத் தெரியாது, எந்தக் கம்பெனிக்கும் தெரியாது, கணக்கு முழுக்க உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும் என்று சொல்லித்தான், பேங்க் எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகவே கணக்கு எழுதும் இந்தச் செலவுக் கணக்கு ஆப்கள் வருகின்றன. பல ஆப்களில் அது உண்மையும்கூட. ஆனால் வீட்டம்மாவுக்குத் தெரியாது என்று யாரும் எங்கேயும் சொல்லவில்லை.

பெங்களூர் அல்சூரில் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை காலை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு பால் வாங்கப் போனவர் திரும்பி வருகிறார்.

“ஏங்க, யாருங்க இந்த சாவித்திரி?”

“எந்த சாவித்திரி?”

“தினம் காலைல பத்தரைக்கு நாப்பது ரூபா, சாயங்காலம் நாலரைக்கு நாப்பது ரூபா. சனி ஞாயிறு மட்டும் லீவு. அந்த சாவித்திரி.”

ஆபீஸ் வாசல் டீக்கடைதான். கல்லாவில் நிற்பவர் மகன், க்யூஆர் அட்டை அம்மா கணக்கில் எடுத்தது. எஸ்எம்எஸ்ஸில் வருவது கடைப் பெயர் இல்லை, கணக்குக்காரர் பெயர். ஆட்டோவும் அப்படியே. நம்ம யாத்ரி ஆப்பில் வண்டி பிடித்தால் பணம் நேராக டிரைவருக்குப் போகிறது; அதனால் பட்டியலில் ‘ஆட்டோ’ என்று ஒரு வரியும் இருக்காது, மஞ்சுநாத், ரமேஷ், இம்ரான் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி பெயர்கள்தான் இருக்கும். சில பேங்குகள் பெயரைக்கூடத் தராமல் எழுத்தும் எண்ணும் கலந்த யுபிஐ முகவரியை மட்டும் அனுப்பும். அந்த வரியைத் தொட்டு ‘டீ’ என்று பெயர் மாற்றி, இனி இந்த முகவரிக்குப் போவதெல்லாம் இதே வகை என்று விதி போட்டுவிட வேண்டும். முதல் மாதம் இதற்கே அரை மணி நேரம் பிடிக்கும். அது முடியும்வரை போனைப் பொது இடத்தில் சார்ஜ் போடாமல் இருப்பது நல்லது.

ஆப்புக்கு உங்களை உளவு பார்க்கும் புத்தியெல்லாம் கிடையாது. எஸ்எம்எஸ்ஸின் மேலே அனுப்பியவர் பெயராக வரும் தலைப்பு பேங்க்தானா என்று பார்க்கும், ரூபாய்க் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை எடுக்கும், ‘டெபிட்டட்’ என்றால் செலவு, ‘கிரெடிட்டட்’ என்றால் வரவு. மூன்றிலும் இடறும். 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி தலைப்பின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து வாலாக முளைத்தது: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. பழைய தலைப்பை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் ஆப் அந்த வாலைப் பார்த்ததும் ‘இது யாரோ’ என்று தாண்டிப் போய்விடும். நீங்களும் செலவே செய்யாத புண்ணியவான் ஆகிவிடுவீர்கள். நல்ல ஆப் அதே வாலை வைத்து, ‘உங்களுக்கு 5,00,000 கடன் தயார்’ வகையறாவை வரவில் சேர்க்காமல் தள்ளிவிடும்.

கமா இன்னும் மோசம். மூன்று மூன்று இலக்கமாகக் கமா தேடும் வெளிநாட்டுப் பாணியில் எழுதிய ஆப், 1,25,000 என்று வந்தால் முதல் கமாவிலேயே நின்று 1 என்று படித்துக்கொள்ளும். மாதம் 90,000 வாங்குகிறவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். லட்சத்தைத் தொட்டவருக்கு மட்டும் சம்பளம் ஒரு ரூபாய். புது ஆப் போட்டவுடன் லட்சத்தில் ஒரு பழைய எஸ்எம்எஸ்ஸைத் தேடி, அதை எப்படிப் படித்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே செலவை இரண்டு தடவை எழுதுவதில்தான் பெரிய கூத்து. கிரெடிட் கார்டில் வாங்கியது ஒரு செலவு, மாதக் கடைசியில் கார்டு பில் கட்டியது இன்னொரு செலவு. பொங்கலுக்கு ஓசூர் வழியாக ஊருக்குப் போனால் ஃபாஸ்டேகில் 1,000 போட்டது ஒரு செலவு, அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி என்று ஒவ்வொரு டோலிலும் வெட்டியது மறுபடி செலவு. பில் கட்டியதையும் ஃபாஸ்டேகில் போட்டதையும் ‘செலவு’ பட்டியலிலிருந்து எடுத்து ‘சொந்த மாற்றம்’ பக்கம் தள்ளினால்தான் கணக்கு நேராகும். தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ஆர்பிஐ விதி. ‘நாளை 649 டெபிட் ஆகும்’ என்ற அந்த முன்னறிவிப்பையும் சில ஆப்கள் செலவாகவே எழுதும், மறுநாள் நிஜமாகப் பிடித்ததும் மறுபடி எழுதும். ஓடிபி வந்து, மனசு மாறி வாங்காமல் விட்ட டிவியும் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸில் விலக்கு வார்த்தைகள் போட இடம் இருந்தால் ‘ஓடிபி’, ‘வில் பி’, ‘ரிக்வெஸ்ட்’ மூன்றையும் எஸ்எம்எஸ்ஸில் வருகிற ஆங்கில எழுத்திலேயே போட்டுவிடுங்கள், பாதித் தொல்லை தீரும்.

கண்ணில் படாமல் போகும் செலவு வேறு கதை. முன்கூட்டியே பணம் ஏற்றிவைத்து, பின் போடாமல் சின்னத் தொகை கட்டும் யுபிஐ லைட்டில் டீ குடித்தால் ஒவ்வொரு டீக்கும் தனி எஸ்எம்எஸ் வராது. லைட்டில் 1,000 ஏற்றியது மட்டும் ஒரே வரியாக விழும். சாவித்திரி பட்டியலிலிருந்து அன்றே மறைந்துவிடுவார், சிலருக்கு அது வசதியாகக்கூட இருக்கலாம். சின்னத் தொகைக்கு எஸ்எம்எஸ்ஸே அனுப்பாத பேங்குகளும் இருக்கின்றன. எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக நெட் வழியே வரும் ஆர்சிஎஸ் தகவல், எஸ்எம்எஸ் அனுமதியை மட்டும் வாங்கிய ஆப்புக்கு எட்டாது, நோட்டிஃபிகேஷன் அனுமதியும் வேண்டும். ரொக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2025 ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்து வணிக வரித்துறை நோட்டீஸ் போன பிறகு பெங்களூர்ப் பெட்டிக்கடைகளில் ‘யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்’ என்று அட்டை தொங்கியதே, அந்த நாட்களின் காய்கறி, பூ, இளநீர் எல்லாம் ஆப்பின் கணக்கில் ‘ஏடிஎம் 2,000’ என்ற ஒற்றை வரிதான்.

சரி, வெளியே அனுப்பாது என்கிறார்களே, அதை எப்படி நம்புவது? ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் அனுமதியை உங்களிடம் கேட்பார்கள், இன்டர்நெட் அனுமதியைக் கேட்க மாட்டார்கள். இன்ஸ்டால் ஆகும்போதே அது கிடைத்துவிடும். பிளே ஸ்டோரில் ‘அபௌட் திஸ் ஆப்’ போய், கீழே ‘ஆப் பெர்மிஷன்ஸ்’ திறந்து, ‘ஃபுல் நெட்வொர்க் ஆக்சஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆப் தானாக எதையும் அனுப்ப வழியில்லை. இருந்தால், ஒரு வாரம் கழித்து செட்டிங்ஸில் அந்த ஆப் எவ்வளவு டேட்டா தின்றிருக்கிறது என்று பாருங்கள். ‘டேட்டா சேஃப்டி’ பகுதியை ஆதாரமாக எடுக்காதீர்கள், அது ஆப் எழுதியவரே கொடுக்கும் வாக்குமூலம். இன்னொன்று, ஆப்புக்கு சர்வர் இல்லாவிட்டாலும் ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப், ஆப் தடுக்காத பட்சத்தில், ஓர் ஆப்புக்கு 25 எம்பி வரை உங்கள் கூகுள் கணக்குக்கு ஏற்றிவிடும். அதையும் நிறுத்தினால் போன் தொலையும் அன்று கணக்கும் தொலையும். மாதம் ஒரு தடவை பாஸ்வேர்டு போட்ட பேக்கப் ஃபைலை எடுத்து லேப்டாப்பில் வைத்துவிடுங்கள். ஐபோன்காரர்களுக்கு இந்த அனுமதிச் சிக்கல் கிடையாது, அங்கே எந்த ஆப்பும் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து படிக்கவே முடியாது. போனோடு வரும் ஷார்ட்கட்ஸ் ஆப்பில் ஆட்டோமேஷன் போட்டுத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

ஆப்புக்குக் கைரேகைப் பூட்டு போடுகிறவர்கள் விட்ஜெட்டை மறந்துவிடுகிறார்கள். பூட்டு உள்ளே இருக்கும் கணக்குக்குத்தான், முகப்புத் திரையில் பளிச்சென்று நிற்கும் ‘இந்த மாதச் செலவு’ பெட்டிக்கு இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஊர் பஸ் ஏறி, மணி பார்க்கப் போனை எடுத்தால் போதும், பிரியாணிக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பக்கத்து சீட்டுக்காரர் உங்களுக்கு முன்னால் படித்துவிடுவார்.