பாரன் பட்டம் விலைக்குக் கிடைக்குமா?

டத்தோ பட்டம் என்றாலே காது நிமிர்கிற ஊர் நம் மலேசியா. ஸ்காட்லாந்தில் பாரன் என்கிற பிரபுப் பட்டம் காசுக்குக் கிடைக்கிறது என்று மாமா குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தைப் போட்டதும் பட்டர்வொர்த்திலிருந்து பாயான் பாரு வரை ஒரே கலகலப்பு.

விஷயம் முழுப் பொய் இல்லை. அங்கே பாரனி என்பது முதலில் நிலம்தான். அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் பாரன், சொந்தமாக நீதிமன்றம் வைத்து வழக்குகூட விசாரிப்பார், அந்த அதிகாரத்தில் பெரும்பகுதியை 1746 சட்டம்தான் பிடுங்கியது. 2004 நவம்பர் 28 அன்று பழைய நிலவுடைமை முறையே ஒழிந்து, நிலம் தனி, பட்டம் தனி என்று ஆனது. அதனால்தான் ஒரு பிடி மண்கூட இல்லாமல் பட்டத்தை மட்டும் விற்க முடிகிறது. வாங்கினவருக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் இடமெல்லாம் கிடையாது. ஒரு சதுர அடி நிலம் விற்று 'லார்ட்' சான்றிதழ் தருகிறார்களே, அது வெறும் நினைவுப் பொருள், சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது அயர்லாந்துக் கதை. அங்கே பாரனி என்பது கவுண்டியின் உட்பிரிவு. நம் வீட்டு நிலப்பத்திரமான கிராண்டில் டேரா (மாவட்டம்), அதன் கீழே முக்கிம் (அதன் உட்பிரிவு), அப்புறம் லாட் எண் என்று வரிசையாகப் போட்டிருக்குமே, ஏறத்தாழ அந்த மாதிரி. 1650களில் இங்கிலாந்தின் குரோம்வெல் ஆட்சி அயர்லாந்துக் கத்தோலிக்கர்களிடமிருந்து பறித்த நிலத்தைப் பங்கு போட, வில்லியம் பெட்டி என்பவர் பாரனி பாரனியாக அளந்து வரைபடம் போட்டார். 1898 உள்ளாட்சிச் சட்டத்தோடு பாரனிக்கு நிர்வாக வேலை போய்விட்டது, ஆனாலும் பூர்வீகம் தேடுகிறவர்கள் இன்றும் அந்தப் பெயர்களை வைத்துத்தான் பழைய பதிவுகளைப் புரட்டுகிறார்கள்.