மொட்டை மாடியில் ஒரு ஹம்மாக்

ஹம்மாக், அதாவது இரு முனையையும் கட்டித் தொங்கவிடும் படுக்கை, கட்டியாயிற்று, படுத்தும் பார்த்தாயிற்று. கடையில் வாங்கியதல்ல. பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடிக்கென்று காடாத் துணியில் நானே செய்தது.

படங்களில் அதிகம் தென்படும் வகையை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். இரு முனையிலும் மரக்கட்டை வைத்து விரித்திருப்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜோஷுவா ஜான் வார்ட் என்ற படகுத் தலைவர், படகில் புல் மெத்தையின் வெக்கை தாங்காமல் 1889-இல் கயிற்றால் பின்னிக்கொண்டது அந்த வகையின் புகழ்பெற்ற முன்னோடி. பார்க்க அழகு. ஆனால் துணி விறைப்பாக நிற்பதால் உடம்பு மேலே எழும்பி, இரண்டு கொக்கிகளையும் இணைக்கும் கோட்டுக்கு நெருக்கமாகக் கிடக்கும். கொஞ்சம் புரண்டாலும் ஆளைக் கவிழ்த்துவிடும்.

கட்டையில்லாத பழைய வகை அப்படியல்ல. கொலம்பஸ் 1492-இல் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்தவர்கள் பருத்தி வலையில் தொங்கியபடி தூங்குவதைக் கண்டு குறித்துவைத்தார். தரையின் ஈரமும் பூச்சியும் எட்டாத படுக்கை அது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1597-இல் ஆங்கிலேயக் கடற்படையும் இதை எடுத்துக்கொண்டது. போர்க்கப்பலில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் படுக்கை நேராகவே தொங்கும், ஆள் உருண்டு விழமாட்டார். காலையில் சுருட்டிக் கப்பலின் ஓரத்தில் அடுக்கிவிட்டால், சண்டையில் துப்பாக்கி ரவைக்குத் தடுப்பும் ஆயிற்று. 14 அங்குலத்தில் எப்படித்தான் தூங்கினார்களோ!

இந்த வகையிலும் இரண்டு உண்டு. மெக்சிகோவின் யுகாதான் பகுதியில் மெல்லிய நூல் வலை. அங்கே வீட்டுச் சுவரிலேயே அதற்கான கொக்கி பதித்திருப்பார்கள். வடகிழக்கு பிரேசிலில் கனத்த பருத்தித் துணி. வலையில் காற்று நன்றாகப் புகும் என்பதால் சென்னையில் இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். பெங்களூரு மாலைக் குளிருக்குத் துணியே பொருத்தம். சட்டைப் பொத்தானும் கைக்கடிகாரமும் சிக்கிக்கொள்ளும் தொல்லையும் இல்லை. பாராசூட் துணி என்று விற்கிற நைலான் வகை மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உலர்ந்துவிடும், மலையேற்றத்துக்கு அருமை. ஆனால் வெயிலில் நாள்கணக்கில் விட்டால் நைந்துபோகும்.

எதை வாங்கினாலும் துணியின் நீளத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். கயிறையும் சேர்த்து அளந்து சொல்வது கடைக்காரர்களின் வழக்கம். ஆறடித் துணியில் படுத்தால் முதுகு வில்லாக வளைந்துவிடும். நேராகப் படுக்காமல், தலை ஒரு மூலை, கால் எதிர் மூலை என்று குறுக்காகப் படுத்தால்தான் முதுகு சமமாகக் கிடக்கும். அதற்குக் குறைந்தது பத்தடி வேண்டும். நான் சிக்பேட்டையில் அறுபது அங்குல அகலக் காடாவில் வாங்கி, ஓரமெல்லாம் மடித்துத் தைத்தபின் பதினோரு அடி நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். இரு முனையிலும் பாவாடைக்கு நாடா கோப்பது போல ஒரு மடிப்பு. அதற்குள் கயிறைக் கோத்து இழுத்தால் துணி கொசுவமாகச் சுருங்கி முடிச்சில் போய் இறுகும். அந்தக் கொசுவம் சீராக விழவில்லையென்றால் ஓரம் ஒரு பக்கம் மட்டும் விறைத்து, கெண்டைக்காலில் அழுத்தும். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவி அடுக்க வேண்டியிருந்தது.

கட்டும் இடம்தான் உண்மையான வேலை. நம் வீட்டுத் தூளி ஒரே கொக்கியில் நேர் கீழாகத் தொங்குவதால், கொக்கிக்குக் குழந்தையின் எடை மட்டுமே பாரம். ஹம்மாக் பக்கவாட்டில் இழுக்கும். என் எடை 72 கிலோ. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்தால் ஒவ்வொரு பக்கக் கயிறும் தாங்குவது அதே 72 கிலோ. விறைப்பாக இழுத்து 10 பாகையில் கட்டினால் 200 கிலோவைத் தாண்டிவிடும்! தளர்வாகக் கட்டுவதில்தான் பத்திரமும் சுகமும். பாகைமானி தேவையில்லை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ‘ட’ போல விரித்து, சுட்டுவிரலைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். இரு விரல் நுனிகளையும் இணைக்கும் சரிவு ஏறக்குறைய 30 பாகை.

மாடிக் கைப்பிடிச் சுவர் வெறும் செங்கல். அதில் கட்டவே கூடாது, பெயர்ந்து ஆள்மேல் விழும். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கான்கிரீட் தூணுக்கும் மாடிப்படிக் கூண்டின் தூணுக்கும் இடையே பதின்மூன்று அடி இருந்தது. மாடி விளிம்பிலிருந்தும் தள்ளியே இருக்கிறது. எஸ்.பி. ரோடில் லாரிச் சரக்குக் கட்டும் பாலியெஸ்டர் பட்டை வாங்கித் தூணைச் சுற்றினேன். நைலான் கயிறு நனைந்தால் நீளும், அதனால் வேண்டாம் என்றேன். ஹம்மாக்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஒன்பதடி இரண்டு அங்குலத்தில் ஒரு மெல்லிய கயிறும் கட்டினேன். துணி நீளத்தில் இது சுமார் 83 விழுக்காடு. இந்தக் கயிறு இருந்தால், எந்தத் தூணில் கட்டினாலும் துணியின் தொய்வு மாறாது.

கீழ் வீட்டுப் பெரியவர் கோலார் தங்கவயலில் வளர்ந்தவர், கயிறு விஷயத்தில் கறாரானவர். வந்து பார்த்ததுமே, “என்ன தம்பி, இவ்வளவு தொய்வாக விட்டிருக்கிறீர்கள்? இழுத்துக் கட்டுங்கள்” என்றார்.

“இழுத்தால் பட்டைக்குத்தான் பாரம், ஐயா” என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் படுப்பதற்கு முன் நிரம்பிய இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் நான்கை உள்ளே வைத்துப் பார்க்கச் சொன்னார். முடிச்சு முறுக்கிக்கொண்டு முனகியது, துணி ஒரு சாண் இறங்கியது, தூண் அசையவில்லை. பருத்தி முதல் பாரத்தில் இப்படித் தொய்யும் என்பது தெரிந்ததுதான். பட்டையை ஒரு பிடி மேலே ஏற்றிக் கட்டினேன். உட்காரும் உயரம் இப்போது நாற்காலி உயரம்.

மார்கழிக் குளிரில் போர்வை மட்டும் போதவில்லை. முதுகுக்கடியில் போர்வை நசுங்கிவிடுவதால் கீழிருந்து வரும் காற்று அப்படியே உறைக்கிறது. பவானி ஜமுக்காளத்தை மடித்து அடியில் விரித்தபின் சரியாயிற்று. ஏரிப் பக்கத்துக் கொசுக்களுக்கும் காடாவின் கனம் ஓரளவு தடுப்பு. மெல்லிய நைலானாக இருந்தால் கீழிருந்தே துளைத்திருக்கும். மழை வந்தால் மட்டும் ஓடிப்போய் அவிழ்த்துவிட வேண்டும், நனைந்த பருத்தி பூஞ்சை பிடிக்கும்.

பெரியவர் இப்போது தனக்கும் ஒன்று வேண்டுமென்கிறார். ஆறடிக்காரர், முழங்கால் வலி வேறு. துணியைப் பன்னிரண்டு அடியாக்கி, உட்காரும் உயரத்தை இன்னும் நான்கு அங்குலம் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பட்டையை மட்டும் தானே கட்டுவதாக நிபந்தனை போட்டிருக்கிறார்.