லிண்டர் பச்சைக்கொடி காட்டினா கோடு வேகமா ஓடுமா?

பைத்தான்ல எழுதுறவங்களுக்கு ரஃப் தெரிஞ்சிருக்கும், ரஸ்ட் மொழில எழுதின லிண்டர், அதாவது கோடை ஓட்டாமலே படிச்சு குறை சொல்ற டூல், பழைய லிண்டர் ஃப்ளேக்8 காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஓடுற இடத்துல இது கண்ணு சிமிட்டுறதுக்குள்ள முடிச்சிடும். 2001ல வந்த பைத்தான் ஸ்டைல் கைடு பெப் 8 சொல்ற, ஒரு வரிக்கு 79 எழுத்துங்கிற கணக்கு எல்லாம் பாக்க வைக்கலாம், கூடவே வேகத்துக்குன்னு பெர்ஃப்னு ஒரு ரூல் செட்டும் இருக்கு. என் ஸ்கிரிப்ட் ஆமை வேகத்துல போச்சேன்னு அதை ஆன் பண்ணேன். ஃபார் லூப்ல ஒவ்வொண்ணா லிஸ்ட்ல அப்பெண்ட் பண்ணாதே, மொத்த லிஸ்ட்டையும் ஒரே வரில உருவாக்குற லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் போடுன்னுச்சு. போட்டேன், பெருசா ஒண்ணும் மாறல.

அப்புறம்தான் எந்த ஃபங்ஷன் எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு அளக்குற சீப்ரொஃபைல் ஓட்டினேன் (முதல்லயே ஓட்டிருக்கணும், சோம்பேறித்தனம்). மொத்த நேரத்தையும் ஒரே ஃபங்ஷன் முழுங்குது, உள்ள பாத்தா லூப்புக்குள்ள ஒரு பெரிய லிஸ்ட்ல இந்த ஐடி இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து தேடிட்டு இருக்கேன். லிஸ்ட்டை செட்டா மாத்தினேன், அவ்ளோதான், செட் ஒவ்வொரு ஐடியில இருந்தும் கணக்கிடுற ஹாஷ்ங்கிற எண்ணை பாத்து நேரா போய் எடுத்துடும், பறந்துச்சு. இதை லிண்டர் மூச்சுகூட விடல, லிஸ்ட் எவ்ளோ பெருசுன்னு அதுக்கு எப்படி தெரியும் பாவம்.

இன்னொண்ணு, லூப்புக்குள்ள ட்ரை எக்ஸெப்ட் (எக்ஸெப்ஷன், அதாவது ஓடும்போது வர்ற பிழையை பிடிக்கிற கோடு) வைக்காதேன்னு பெர்ஃப்ல ஒரு ரூல். பைத்தான் 3.11ல எக்ஸெப்ஷன் வராதவரைக்கும் ட்ரைக்கு செலவே கிட்டத்தட்ட இல்லன்னு ஆக்கிட்டாங்க, அதனால புது வெர்ஷனுக்கு ரஃப்பே அதை சொல்றதில்ல.