நாமா, நாங்களா?

பெங்களூரு அல்சூரில் ஞாயிறு காலைகளில் தமிழ் அறியாத பெரியவர்களுக்குத் தமிழ் கற்பிக்க ஒப்புக்கொண்டபோது, முதுகலைத் தமிழ்ப் பட்டமும் பள்ளியில் 11 ஆண்டுப் பணியும் இருந்ததால், அது எனக்குக் கைவந்த வேலை என்றே நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு முதல் மாதத்திலேயே ஆட்டம் கண்டது. எழுத்துகள் 247 என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் ககரத்தை எழுதிக் காட்டியபோது, கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட செவிலியர் ஒருவர், கல், தங்கம், பகல் என்னும் மூன்று சொற்களையும் என்னைச் சொல்ல வைத்துவிட்டு, "மூன்றும் வேறு வேறு ஒலி மேடம், எழுத்து மட்டும் ஏன் ஒன்று?" என்றார். என் நாக்கு 40 ஆண்டுகளாகப் பிசகாமல் செய்துவந்ததை என் காது அன்றுதான் கவனித்தது.

அதைவிடப் பெரிய பாடத்தையும் அவரே கொண்டுவந்தார். அவர் பணிபுரியும் மருத்துவமனைக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து நோயாளிகள் வருவதுண்டு. ஒரு மூதாட்டியிடம் அவர், "நாளைக்கு நாம உங்க மகனுக்கு ஆபரேஷன் பண்ணுவோம்" என்று சொல்ல, அந்த அம்மா மிரண்டுபோய், "நானுமா உள்ள வரணும், கண்ணு?" என்று கேட்டாராம். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். "அங்கே நாங்கள் என்று சொல்ல வேண்டும்" என்றேன். ஏன் என்று கேட்டார். "பழக்கத்தில் வந்துவிடும்" என்று மழுப்பினேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த மழுப்பல் உறுத்தியது. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று தேர்வுக்கு நான் உருப்போட்ட பெயர்தான் அது. உயிருள்ள ஒருவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடுத்த வாரம், தெரியாமல் மழுப்பியதை முதலில் ஒப்புக்கொண்டேன். பள்ளியில் இருந்த காலத்தில் ஒருநாளும் நான் செய்யாத காரியம் அது. பிறகு பலகையில் இரண்டு வட்டங்கள் போட்டேன். ஒன்றில் கேட்பவரும் உள்ளே இருந்தார், அது நாம். மற்றதில் அவர் வெளியே நின்றார், அது நாங்கள். கன்னடத்தில் இரண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான் என்று அந்தச் செவிலியர் சொன்னார்.

அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம், எந்த யோசனையும் இன்றி 'எங்கள் வள்ளுவர்' என்றே நினைத்துப் பழகியவள் நான். அந்த 'எங்கள்' யாரை வெளியே நிறுத்துகிறது என்று வட்டம் போட்டுப் பார்த்ததில்லை. ஒன்பது ஆண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்தும் பேருந்துப் பலகையை வாசிக்கத் தெரியாமல் இருந்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

இப்போது வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அந்தச் செவிலியரிடம் கன்னடம் படிக்கிறேன். பால் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு என்று அவர் அடுக்கியபோது, நான் தினமும் கடக்கும் மாரத்தஹள்ளிக்குள் திருச்சிராப்பள்ளியின் பள்ளி இருப்பது புலப்பட்டது. இலக்கணம்தான் இன்னும் இடறுகிறது. 'நாவு' என்று தொடங்கிவிட்டு, எதிரில் இருப்பவரைச் சேர்த்தேனா விட்டேனா என்று தடுமாறி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டுகிறேன். அவர் சிரிக்கிறார்.